பாட்டியும் பக்கத்துக் கட்டிலும்

இங்கிலாந்தில் வேறு ஏதோ பட்டம் வாங்கியவர்கள் இரண்டே வருடம் படித்து நர்ஸ் ஆகலாம். அதற்கான நேர்காணலில் தப்பாமல் வரும் கேள்வி: ஏன் நர்ஸிங்? அடிக்கடி வரும் பதில்: பாட்டி படுத்த படுக்கையா இருந்தாங்க, நான்தான் பார்த்துக்கிட்டேன்.

ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் கைக்கெட்டும் தண்ணீர்கூட இல்லாமல் கிடந்ததை 2013இல் வந்த பிரான்சிஸ் அறிக்கை பதிவு செய்தது. அதற்குப் பிறகுதான் மதிப்பெண்ணோடு மனசையும் பார்த்து ஆள் எடுப்பது அழுத்தம் பெற்றது.

மனசை எப்படிப் பார்ப்பது? கருணை, துணிவு என்று ஆறு பண்புகளின் பட்டியல் 2012லேயே வெளியாகிவிட்டது. வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். இதை நடிப்பு என்று தள்ள எனக்கு மனமில்லை. பன்னிரண்டு மணிநேர ஷிப்ட்டின் கடைசியிலும் எரிச்சலை மறைத்து முகம் கொடுத்துப் பேசுவது அந்த வேலையில் பாதி.

எனக்கு உறுத்துவது பாட்டிதான். வள்ளுவர் அன்புக்கு ஓர் அதிகாரம், அருளுக்கு வேறோர் அதிகாரம் வைத்தார். அன்பு தொடர்புடையவர்மேல் செல்வது. அருள் தொடர்பே பார்க்காதது. பரிமேலழகர் இப்படித்தான் பிரிக்கிறார். பாட்டியைப் பார்த்துக்கொண்டது அன்பு. வார்டில் கெட்ட வார்த்தையில் திட்டுகிற ஆளுக்கும் மலம் துடைக்க வேண்டும். அவர் நமக்கு யாரும் இல்லை.

அன்பு பெற்ற பிள்ளைதான் அருள் என்று வள்ளுவரே சொல்கிறார், சரி. ஆனால் அந்தப் பிள்ளையை வளர்க்கும் செவிலி என்று அவர் காட்டுவது பொருளை! அப்படியென்றால் ‘நிலையான சம்பளம் வேணும், அதான் வந்தேன்’ என்று ஒருத்தி சொன்னால் எத்தனை மார்க் போடுவார்கள்?