நிழல் ஒரு குறையா?

திருவனந்தபுரம் ஆரியசாலையில் வசிக்கும் அன்பர் ஒருவரின் வீட்டுக்குப் பின்னால் சிறிது மண்தரை உண்டு. சாலைக் கடைத்தெருவின் நெரிசலுக்கருகில் அது பெரும் பேறு. ஆனால் பலாமரம் ஒன்று அதன்மீது நாள் முழுவதும் நிழல் பரப்பி நிற்கிறது. பூஜைக்கென்று அவர் வைத்த செவ்வந்தி வெளிறி, நீண்டு, சாய்ந்ததே தவிர மொட்டு விடவில்லை. ‘மரத்தை வெட்டிவிடலாமா, சுவாமி?’ என்று கேட்டார்.

இருள் என்பது யாது என்று நம் தரிசனங்கள் நெடுங்காலம் வாதிட்டுள்ளன. ஒளியின் இன்மையே இருள். அது தனிப்பொருள் அன்று என்பர் நியாய வைசேஷிகர். குமாரில பட்டர் வழிவந்த மீமாம்சகரோ, இருளில் கருநிறமும் அசைவும் காணப்படுவதால் அதுவும் ஒரு திரவியமே என்பர். மாணவப் பருவத்தில் இது எனக்கு வெறும் சொற்போராகவே பட்டது. அன்று பலாமரத்தடியில் அப்படித் தோன்றவில்லை.

செவ்வந்தியின் குடும்பத்தைச் சேர்ந்ததே ஆனைச்சுவடி. கேரளக் காடுகளிலும் வீட்டு வளவுகளின் மரநிழலிலும் தானே முளைப்பது. இலைகள் யானையின் காலடித் தடம்போல் வட்டமாகத் தரையோடு படிந்திருக்கும். நிமிர்ந்தெழும் தண்டின் நுனியில், இதய வடிவான மூன்று சிற்றிலைகளுக்கு நடுவே, ஊதா நிறத்தில் சிறு பூக்கள் திரளும். இடவப்பாதி மழை தொடங்கும்போது வேரோடு பிரித்த கன்றை நட்டால் போதும். மிகுந்த எரு வேண்டாம். கனத்த சருகு இலைவட்டத்தை மூடிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை அவரிடம் கூறினேன்.

அவர் விடவில்லை. ‘அப்படியானால், இருப்பதில் திருப்தி கொள் என்கிறீர்களா?’ என்றார். நியாயமான ஆட்சேபம். அடைபட்ட வாழ்வில் வாடும் ஒருவரிடம் ‘உன் நிழலிலேயே மலர்வாய்’ என்பதைவிடக் கொடிய உபதேசம் இல்லை. அத்தகைய உபதேசத்தை எளிதில் வழங்குபவர்கள் பெரும்பாலும் வெயிலில் நிற்பவர்களே. செவ்வந்திக்கு அந்த நிழல் மெய்யாகவே குறைதான். அதை மறுப்பது பொய். ஆனைச்சுவடிக்கு அதுவே வாசஸ்தலம். எனவே குறை என்பது நிழலில் மட்டும் இல்லை, செடியில் மட்டும் இல்லை. இரண்டும் சேருமிடத்தில் உள்ளது. நிழலை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. அங்கே நிற்பது எது என்றும் பார்க்க வேண்டும். மனிதர் விஷயத்தில் இதைக் கண்டறிவது கடினம், ஏனெனில் வாடுவதை மறைக்க மனிதருக்குத் தெரியும்.

மரம் இன்னும் நிற்கிறது. பூஜைக்குச் செவ்வந்தியை அவர் கடைத்தெருவில் வாங்குகிறார். ‘பறித்துச் சாத்த முடியாத பூவை வளர்ப்பது என்ன பக்தி?’ என்று வீட்டில் கேட்கிறார்களாம். அவர் பதில் சொல்வதில்லை. காலையில் சருகை மட்டும் ஒதுக்கிவிட்டு வருகிறார்.