ஆண்டான் நிறுத்திய பாடம்

தலைமைப் பதவியில் அமர்ந்துவிட்ட ஒருவர், அதன் பாரத்தைச் சுமந்துகொண்டே இன்னொருவரின் முன்னிலையில் சிஷ்யராகவும் உட்கார்ந்திருக்க இயலுமா என்ற கேள்விக்கு, ஸ்ரீவைஷ்ணவ குருபரம்பரை நூல்கள் சொல்லும் ஒரு பிணக்கைவிடத் தக்க விடை எனக்குத் தென்பட்டதில்லை. இராமாநுஜர் திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்த கதையை எல்லாரும் சொல்வார்கள். நான் கருதுவது திருவரங்கத்தில் நடந்தது.

முந்திய தலைமுறை ஆசாரியரான ஆளவந்தாரை உயிரோடு தரிசித்துப் பாடம் கேட்கும் பாக்கியம் கிட்டாமையால், அவருடைய சிஷ்யர் ஐவரிடம் அவரது ஞானத்தைப் பகுதி பகுதியாகப் பெற வேண்டியவரானார் இராமாநுஜர். அவ்வாறு திருமாலையாண்டானிடம் திருவாய்மொழிப் பொருள் கேட்டு வருகையில், இரண்டாம் பத்துப் பாசுரம் ஒன்றை, அறியாமைக்கு இடமான உடலில் தம்மை வைத்தானே என்று நம்மாழ்வார் நொந்துகொள்வதாக ஆண்டான் விளக்க, முன்னும் பின்னும் ஆனந்தம் பொங்கும்போது நடுவே துயரத்துக்கு இடமேது என்று வினவி, சொற்களை மாற்றிக் கூட்டி, அதையும் நன்றிப் பெருக்காகவே காட்டினார் சிஷ்யர். ஆளவந்தாரிடம் தாம் கேளாத பொருளாகையால், இது விசுவாமித்திர சிருஷ்டி, தாமாகப் புதிதாய்ப் படைத்தது என்று ஆண்டான் பாடத்தையே நிறுத்திவிட்டார்.

இதை வெறும் முன்கோபம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. தம்மிடம் இருப்பது ஆசாரியர் ஒப்படைத்த நிதி என்று எண்ணுகிறவருக்கு, அதில் புதுக்காசு விழும் ஓசை அச்சந்தான் தரும். மடத்தின் தலைவரான இராமாநுஜரோ, அந்த அதிகாரத்தைக்கொண்டு வேறு ஆசிரியரைத் தேடிக்கொள்ளவும் இல்லை, தமக்குப் பட்ட பொருளை மறைத்துக்கொள்ளவும் இல்லை. செய்தி கேட்டு வந்த, அவ்வைவருள் ஒருவரான திருக்கோட்டியூர் நம்பி, அப்பொருளையும் தாம் ஆளவந்தாரிடம் கேட்டதுண்டென்று சாட்சி சொல்லி, இவர் உம்மிடம் கற்பது, எல்லாம் அறிந்த கண்ணன் சாந்தீபனியிடம் கற்றதைப் போன்றது என்றும் தெளிவித்தார். ஆசிரியருக்கு நிகரான மூத்தவர் ஒருவர் அருகில் இருந்து, இருவர் மானமும் கெடாமல் பேசத் தெரிந்திருந்தமையே இங்கு விசேஷம். நம் கல்லூரிகளில் இந்த மூன்றாமவரைத்தான் காணோம்.

பாடம் தொடர்ந்தது, அபிப்பிராய பேதமும் தொடர்ந்தது. கண்ணாலும் காணாத ஆளவந்தாரின் திருவுள்ளத்தை நீர் எங்ஙனம் அறிந்தீர் என்று ஆண்டான் ஒருநாள் கேட்க, அவருக்கு நான் ஏகலைவன் அல்லவா என்றார் இராமாநுஜர். ஆண்டானுடைய குமாரர் சுந்தரத்தோளுடையார் பின்னர் இராமாநுஜருக்கே சிஷ்யரானார்.