நாயின் உதிரத்திற் கலம் வளர்த்தல் தகுமோ

ஆராய்ச்சியின்பொருட்டுப் பிராணிகளை வருத்துதல் தகுமோ என்னும் வினா விஞ்ஞான வகுப்பிலே எழுமாயின், அது சமயபாடத்திற்குரியதென ஒத்திவைத்தலும், சமயபாடத்தில் எழுமாயின் விஞ்ஞானத்திற்குரியதென விடுத்தலும் ஆசிரியராகிய நம்மனோர்க்கு எளிதாயின. யானும் அவ்வாறு பலகால் நழுவியவனே. மிஷன் பாடசாலையிற் பயின்ற நாளிலே தவளையைப் பலகையிற் கிடத்தி அறுத்தபோது என் கை நடுங்கிற்று. புள்ளி குறையுமென்றஞ்சி அந்நடுக்கத்தை மறைத்தேன். ஆதலின் அவ்வினாவை ஒரு குறித்த விஷயத்தில் வைத்து ஈண்டு ஆராயப் புகுந்தேன்.

லீஷ்மேனியா என்பது மணல் ஈயின் கடியினால் உடம்பினுட் புகும் ஓர் ஒட்டுண்ணி. 1903ஆம் ஆண்டிலே லீஷ்மன் என்பாரும், சென்னையிற் பணிபுரிந்த டொனவன் என்னும் வைத்தியரும் இதனைத் தனித்தனியே கண்டு வெளியிட்டனர். 1908இலே தூனிசு நகரில் நிக்கொல் என்பார் இக்குலத்துக் கிருமி நாய்களிடத்தும் உண்டெனக் காட்டினார். மத்தியதரைக் கடற்புறத்து நாடுகளிலும் பிரேசிலிலும் இதற்கு நாயே முதன்மையான உறைவிடம்; நோயுற்ற நாயைக் கடித்த ஈ பின்னர்க் குழந்தையைக் கடிக்கின்றது. பிரேசில் அரசினர் நோயுற்ற நாய்களைக் கொல்வித்து வந்தனர். மனிதர்க்குரிய மருந்தினால் அவற்றிற்குச் சிகிச்சை செய்தலை 2008இலே தடுத்தனர். 2016இலேதான் நாய்க்கென ஒரு மருந்தை அனுமதித்தனர். ஆகவே இந்நோயின் இயல்பை அறிதல் நாய்க்கும் உயிர்ப்பிச்சையாம்.

1882இலே மெச்னிக்கோவ் என்பார் நட்சத்திர மீனின் இளங்குஞ்சிலே, உட்புகுந்த அந்நியப் பொருளைச் சூழ்ந்து விழுங்குங் கலங்களைக் கண்டார். நம் உடம்பினும் நாயின் உடம்பினும் அத்தகைய கலங்களுள. லீஷ்மேனியாவோ தன்னை விழுங்கிச் செரிக்கவேண்டிய அக்கலத்தினுள்ளேயே பெருகி வாழ்கின்றது. காவலன் மனையிலே கள்வன் குடியிருப்பது போலும். சில நாய்கள் நோயை வெல்ல வேறு சில மடிவது ஏன்? இதனை அறியவேண்டி நாய்களுக்கு வேண்டுமென்றே நோயேற்றிப் பின் கொன்று மண்ணீரலைச் சோதித்தலும் உண்டு.

அதற்கு மாறாக, நாயின் நரம்பிலிருந்து சிறிது உதிரம் எடுத்து, வெண்கலங்களைப் பிரித்து, வட்டிலில் இட்டு 37 பாகை வெப்பத்தில் வைப்பர். அவற்றுள் ஒருவகை வட்டிலின் அடியிற் பற்றிக்கொண்டு, ஏறக்குறைய ஒரு வாரத்தில் விழுங்குங் கலங்களாக முதிரும். ஒட்டுண்ணியை அவற்றோடு சேர்த்து நிகழ்வதை நோக்குவர். நாய் வீடு திரும்பும். பிராணியை விலக்கி வேறொன்றை வைத்தல், தொகையைக் குறைத்தல், நோவைத் தணித்தல் என ரசலும் பேர்ச்சும் 1959இலே வகுத்த மூன்றினுள் இது முதலதைத் தழுவியது. ஆயினும் வட்டிலில் மண்ணீரலுமில்லை, ஈரலுமில்லை; மருந்தின் முடிவான பரீட்சைக்கு உயிருள்ள நாய் இன்னும் வேண்டப்படுகின்றது.

நாய் உடன்பட்டதோ எனின், இல்லை. குழந்தையும் உடன்பட்டு ஊசி ஏற்பதில்லையே எனின், குழந்தை தன் நன்மைக்கு ஏற்கின்றது; இந்நாய் பிற நாய்களின் நன்மைக்கு ஏற்கின்றது. ஆகவே இது கொடையன்று, நாம் கொள்வதே. வளர்ப்போன் அழைத்துவந்த நாயிடத்து அளவறிந்து சிறிது கொள்ளுதல் பொறுக்கத்தக்கது என்பேன். உதிரத்திற்காகவே ஆயுள்முழுதும் கூட்டில் அடைத்தலோ வேறு. ஆண்டு ஊசியின் நோவினும் கூடே பெருங்கொடுமை.

என்னை அதனினும் வருத்தியது பிறிதொன்று. வட்டிலிலுள்ள கலங்களை ஊட்டும் நீரிலே பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துப் பங்களவு கன்றின் உதிரநீர் கலக்கப்படுகின்றது. அஃது அறுக்கப்பட்ட சினைப்பசுவின் வயிற்றுக் கன்றின் இருதயத்திலிருந்து எடுக்கப்படுவது. நாயைக் காத்த வட்டிலிலே கன்று நிற்கின்றது! இறைச்சிக்கென அறுத்த பசுவாதலின் இதனாற் புதிய கொலை இல்லை என்பர் சிலர். அவரை மறுக்க வாயெடுத்தபோது நம் ஆலயத்து மத்தளமும் தவிலும் நினைவுக்கு வந்தன. அத்தோலுக்கும் நாம் இவ்வாறேயன்றோ சமாதானஞ் சொல்லுகின்றோம்? எனினும் தோல் கேட்பாரும் உதிரநீர் கேட்பாரும் விலை கொடுக்கின்றனர்; விலை பெற்ற தொழில் வளரும்.

அந்நாயின் சொந்த உதிரநீரையே ஊட்டுதலும், உதிரநீர் கலவாத ஊட்டநீர் வகைகளும் உள. ஊட்டம் மாறின் கலத்தின் நடையும் மாறக்கூடுமாதலின் பழைய பரீட்சைகளை மீளச் செய்து ஒப்பிடல் வேண்டும். அதற்குக் காலமும் பொருளும் செல்லும். அச்செலவை ஆராய்ச்சியாளர் ஏற்கவேண்டுமென்பதே என் துணிபு. இனி மாணவன் எவனும் என்னை வினவுவானாயின், நாய் வீடு திரும்பியதோடு நிறுத்தாது, வட்டிலின் நீர் எங்கிருந்து வந்ததென்பதையுஞ் சொல்லுவேன்.