அளவறிந்து உண்ணலும் தவமே



முப்பது வயது நிரம்பாத இளையோர்க்கும் இன்று இரண்டாம் வகை நீரிழிவு காணப்படுகிறது. வெறும் வயிற்றில் சோதிக்கையில், 100 மில்லிலிட்டர் குருதியில் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருமுறை காணின், மருத்துவர் நோயை உறுதி செய்வர். உடனே நாம், "முன்வினைப் பயன்" என்று வாளா இருந்துவிடுகிறோம். மணப்பேச்சுக்குத் தடையாகுமென மறைக்கவும் செய்கிறோம். வினை உதயத்திற்கு வருவது உண்மையே. ஆயினும் முயற்சியைக் கைவிடுமாறு அருகன் அறம் கூறவில்லை.

தத்துவார்த்த சூத்திரம் உரைக்கும் புறத்தவம் ஆறனுள், குறைய உண்ணலும் சுவை துறத்தலும் அடங்கும். இவையே இந்நோய்க்குரிய உணவு நெறியுமாகும். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பும் பயறும், கால் பங்கே சோறு என வகுத்துக்கொள்வோம். வெல்லமும் குருதியில் சர்க்கரையை உயர்த்துவதே. பொழுது சாயுமுன் உண்ணும் நம் விரதம் இங்கும் துணை நிற்கும். ஆனால் மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாது உபவாசம் ஏற்றல் ஆகாது. சர்க்கரை மிகத் தாழ்ந்து உயிர்க்கே ஊறு நேரலாம்.

செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூவழியாலும் வினை சேரும் என்பதை நாம் அறிவோம். "நல்ல நாள், ஒன்று தின்றால் என்ன?" என்று பிள்ளையின் இலையில் இனிப்பை இடும் அன்பும் செய்வித்தலே அன்றோ? ஓரறிவுயிர்க்கும் இரங்கும் நாம், நம் பிள்ளையின் கண்ணுக்கும் சிறுநீரகத்திற்கும் தீங்கு செய்யலாமோ? இல்லத்தார் அனைவரும் அவ்வுணவையே உண்போமாக. அது பிள்ளைக்குத் துணை; நமக்குத் தவம்.

அறம் வளர்க!