சோற்றுக்கடனும் சாலையும்

எங்கள் நாமக்கல் பக்கத்தில் ஒரு பையன் லாரி டிரைவர் ஆவதற்கு இரண்டு வழிகள் உண்டு. பழைய வழி கிளீனராக ஏறுவது. தார்ப்பாய் கட்டி, டயர் கழற்றி, ராத்திரியில் டிரைவர் கண் அசந்துவிடாமல் பேச்சுக் கொடுத்து, என்றைக்கோ ஒருநாள் ஆளில்லாத ரோட்டில் ஸ்டியரிங்கைத் தொடுவது. இன்னொரு வழி, முதலாளியே பணம் கட்டி டிரைவிங் ஸ்கூலுக்கு அனுப்புவது. கிளீனர் வேலைக்கு இப்போது யாரும் வருவதில்லை. வண்டிகள் ஒற்றை டிரைவரோடு வடக்கே போய்த் திரும்புகின்றன. டிரைவர் வேண்டும் என்றால் முதலாளிதான் செலவு செய்து ஆளை உருவாக்க வேண்டியிருக்கிறது. செலவு செய்பவர் பத்திரத்தில் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார்.

நான் இரண்டு வழியிலும் வந்தவன். ஹெவி லைசென்ஸுக்கு இருபது வயது நிரம்ப வேண்டும். லைட் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்கவும் வேண்டும். அந்த ஒரு வருஷமும் என்னைச் சம்பளத்தில் வைத்திருந்து, ஸ்கூல் பணமும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் செலவும் கட்டியவர் என் முதலாளி. என் அப்பா தறி ஓட்டியவர். அவரிடம் அந்தப் பணம் இல்லை. மூன்று வருஷம் வேறு வண்டி ஏற மாட்டேன் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். அப்போதெல்லாம் எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் ஹெவி கிடையாது. 2019-இல்தான் அந்த விதியை எடுத்தார்கள். என் சான்றிதழ் அவருடைய அலமாரிக்குள் போனது. "வீட்டுப் பையனாட்டம் இருந்துக்க கண்ணு" என்றார். அவர் மனசார அப்படிச் சொன்னார் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

ஒருவர் நம்மை ஆளாக்கிவிட்டால் அவருக்கு நாம் எவ்வளவு கடன்பட்டவர்கள்? ஸ்கூல் கட்டணத்துக்குக் கணக்கு இருக்கிறது. நம்மிடம் ஒன்றுமில்லாதபோது அவர் வைத்த நம்பிக்கைக்குக் கணக்கு எது?

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊர்களில் விடிய விடிய ஆடிக் காட்டும் பதில் ஒன்று உண்டு. கர்ண மோட்சம் கூத்து. பொன்னுருவியிடம் விடைபெற்றுக் கர்ணன் களத்துக்குக் கிளம்பும் இடத்தில் கூட்டமே அழும். நானும் அழுதிருக்கிறேன். பிறப்பைச் சொல்லி எல்லோரும் தள்ளி நிறுத்திய சபையில் துரியோதனன் அவனுக்கு அங்க தேசத்தைக் கொடுத்தான். பிறகு தன் பிறப்பு தெரிந்தும், தன் பக்கம் தோற்கும் என்று தெரிந்தும், கர்ணன் அவனை விட்டுப் போகவில்லை. கம்பன் காட்டும் கும்பகருணனும் அப்படித்தான். அண்ணன் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னவன், வீடணன் களத்துக்கே வந்து அழைத்தும் மறுத்துவிட்டுச் சாகப் போகிறான். உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுப்பது என்றால் இதுதான் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

எனக்கு இதில் நெருடத் தொடங்கியது தொப்பூர் கணவாயில்.

தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது அது இறக்கம். ஏறுவதற்கு எந்தக் கியர் போடுவோமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும் என்பது தொழிலின் முதல் பாடம். அப்போது இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறைவு. நியூட்ரலில் விட்டால் கொஞ்சம் டீசல் மிச்சம். ஆனால் மொத்த லோடையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். டிரம் சூடேறும், லைனிங் பிடிப்பை இழக்கும், மிதிக்க மிதிக்கக் காற்றும் இறங்கும். பிறகு முன்னால் போகிற வண்டிகள்தான் அந்த லாரியை நிறுத்தும். அங்கே நடந்த பல விபத்துகளுக்குப் பின்னால் இருந்தது இந்தக் கொஞ்சம் டீசல்தான்.

ஒரு முறை டிரிப் கணக்குப் பார்க்கும்போது முதலாளி கேட்டார்: "மத்தவனெல்லாம் எறக்கத்துல நியூட்ரல்ல விட்டு டீசல் மிச்சம் காட்றான். உனக்கு மட்டும் ஏன் தம்பி மைலேஜ் வரமாட்டேங்குது? லைசென்ஸ் எடுத்துக் குடுத்தது யாருன்னு நெனச்சுப் பாரு."

"டீசல் காசை என் படியில புடிச்சுக்குங்கண்ணா. நியூட்ரல்ல மட்டும் விட மாட்டேனுங்க" என்றேன்.

பிடித்துக்கொண்டார். கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. நன்றி கெட்டவன் என்று ஆபீஸில் சொன்னதாகக் காதில் விழுந்தது. அந்தச் சொல் என்னைச் சுட்டது, உண்மை. கர்ணனைப் பார்த்து அழுதவனுக்கு அதைவிடப் பெரிய வசை கிடையாது.

அதற்குப் பிறகு பார்த்த கூத்துகளில் என் கண் கர்ணனை விட்டு வேறொருவனைத் தேட ஆரம்பித்தது. சக்கர வியூகத்துக்குள் சிக்கிய அபிமன்யு. பெரிய வீரர்கள் பலர் சூழ்ந்துகொண்டு அவனை அடித்தார்கள். அவன் வில்லை ஒடித்தவன் கர்ணன். அங்கே நின்ற துரோணர், கிருபர், கர்ணன் எல்லோருமே கௌரவர்களிடம் கடன்பட்டவர்கள். எல்லோரும் கடனைத்தான் அடைத்தார்கள். ஆனால் அபிமன்யு யாரிடம் கடன் வாங்கினான்? கர்ணன் தன் உயிரைக் கொடுத்தது பற்றி எனக்கு ஒரு சொல்லும் கிடையாது, அது அவனுடையது. அந்தப் பையனின் உயிர் கர்ணனுடையது அல்லவே. என் கூட்டாளி ஒருவர், "அபிமன்யுவும் போருக்கு வந்தவன்தானே" என்று கேட்டார். வந்தவன்தான், நேர்ப்போருக்கு. தொப்பூர் இறக்கத்தில் எனக்கு முன்னால் மொபெட்டில் மனைவி பிள்ளையோடு போகிறவரோ எந்தப் போருக்கும் வரவில்லை.

லோடு இறக்கக் காத்துக் கிடக்கும் நேரங்களில் கேபினில் படிக்க எப்போதும் திருக்குறள் வைத்திருப்பேன், பரிமேலழகர் உரையோடு. செய்ந்நன்றி அறிதல் பதினோராவது அதிகாரம். நன்றியைக் கொன்றவனுக்கு மீட்சியே இல்லை என்ற அளவுக்கு வள்ளுவர் அதில் கடுமையாகப் பேசுகிறார். அதற்கு அடுத்த அதிகாரம் நடுவு நிலைமை. இந்த வரிசை ஏன் என்று பரிமேலழகர் காரணம் சொல்கிறார். நமக்கு நல்லது செய்தவரை நினைக்கும்போதுதான் மனிதனின் நடுநிலை குலையும்; அந்த இடத்திலும் குலையக் கூடாது என்பதற்காகவே நன்றிக்கு அடுத்து நடுவு நிலைமையை வைத்தார் என்கிறார். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு வண்டியைச் சுற்றி நடந்தேன். எதிரிக்கு அநியாயம் செய்யாமல் இருப்பது எளிது. நமக்குச் சோறு போட்டவருக்காக முன்பின் தெரியாத ஒருவருக்கு அநியாயம் செய்யாமல் இருப்பதுதான் கஷ்டம்.

அப்படியானால் கடனை எதிலிருந்து அடைப்பது? என்னுடையதிலிருந்து மட்டும். என் உழைப்பு, என் காசு, பேசிய காலம் முழுக்க வேறு வண்டி ஏறாமல் இருக்கும் என் வாக்கு. தூக்கம் என்னுடையதுதானே என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். முழுக்க அப்படி இல்லை. நான் விழித்து ஓட்டினால் அதற்கான விலையை எதிரே வருகிறவரும் கொடுக்க நேரும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் நடுவில் அரை மணியாவது ஓய்வு என்று 2025 வரை நடப்பில் இருந்த 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது டிரைவரின் சுகத்துக்காக மட்டுமல்ல. எங்கள் லைனில் அதைக் கடைப்பிடித்த வண்டியை நான் பார்த்ததில்லை.

முதலாளிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. செலவு செய்து ஹெவி எடுத்துக் கொடுத்த மறு மாதமே, பக்கத்து ஆபீஸில் படி கூட என்று போய்விடும் பையன்களை எனக்குப் பிடிக்காது. போகட்டும், ஆனால் பணத்தைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். கடனுக்காக ஆளையே பிடித்து வைக்கும் கொத்தடிமை முறையை 1976-ஆம் வருஷத்துச் சட்டம் ஒழித்தது. ஆனால் மூன்று வருஷம் இருக்க வேண்டும், முன்னதாகப் போனால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட ஒப்பந்தத்தை 2025-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. பணத்துக்குப் பணம் கேட்கலாம், அது சரியான கேள்வி. ஆனால் எல்லாப் பயிற்சியும் கடனாகாது. கேஸ் டேங்கர் ஓட்டுகிறவருக்கு ஆபத்தான சரக்குப் பயிற்சி கிடைத்திருக்கிறதா என்று பார்ப்பது வண்டி உரிமையாளரின் பொறுப்பு என்றே விதி இருக்கிறது. அந்தப் பயிற்சியை யாரும் தானம் என்று சொல்லிக்காட்ட முடியாது. அது சாலைக்கு அவர் செலுத்த வேண்டிய பாக்கி.

பத்திரத்தில் ஏறாத கடன் ஒன்றும் எனக்கு உண்டு. என்னைக் கிளீனராக வைத்திருந்த டிரைவர் அண்ணன் ஒரு பைசா வாங்காமல் கியர் சொல்லிக் கொடுத்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் உயிரை என் கையில் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தார். அவர் இப்போது இல்லை. அவருக்குத் திருப்பித் தர முடியாததை அடுத்த பையனுக்குத்தான் தர முடியும்.

இப்போது அதே முதலாளியின் ஷெட்டில், ஸ்கூல் முடித்து வரும் பையன்களோடு முதல் சில டிரிப்பில் பக்கத்து சீட்டில் போகிறேன். அவருக்கும் வயதாகிவிட்டது, என் மேல் இருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. போன வருஷம் ஒப்பந்தத் தாளில் கூடுதலாக ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: இறக்கத்தில் நியூட்ரல் கூடாது, அதனால் குறையும் மைலேஜுக்குப் படியில் பிடித்தம் கிடையாது. ரெண்டு நாள் யோசித்துவிட்டு, "எழுதிக்க" என்றார். போன வாரம் கையெழுத்துப் போட்ட பையன் அந்த வரியைப் படித்துவிட்டு, "மொதலாளியே போன் பண்ணி விடச் சொன்னா என்னண்ணா பண்றது?" என்று கேட்டான். வண்டியை ஓரங்கட்டிவிட்டு எனக்குப் போன் போடு, நான் அவர்கிட்டப் பேசிக்கறேன் என்றேன்.