ஒரு விரல் இடைவெளி

ஸ்காபரோவில் ஐஸ் ஹொக்கி பழக வரும் பிள்ளைகளுக்கு ஸ்கேட்ஸ் அளவு பார்த்துக் கொடுப்பது பல வருடமாக என் பனிக்கால வேலை. பெற்றோர் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "ரெண்டு சைஸ் பெரிசாத் தாங்கோ அண்ணை, அடுத்த வருசமும் போடலாம்."

மறுப்பதற்கு முதற் காரணம் காலிலேயே இருக்கிறது. ஸ்கேட்ஸ் சாதாரணச் சப்பாத்தைவிட ஒன்று, ஒன்றரை அளவு சிறிதாகத்தான் எடுக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கையில் விரல்நுனி முன்மூடியில் இலேசாகப் பட வேண்டும். முழங்காலை மடித்தால் குதிக்கால் பின்னே போய் உட்கார, விரல் விலக வேண்டும். குதிக்கால் ஆடினால் கணுக்கால் உள்ளே சரியும், கத்தியின் விளிம்பு பனியைப் பிடிக்காது. நாடாவை இறுக்கிப் பார்ப்பார்கள். பாதம் மரத்துப்போகும், குதிக்கால் அப்போதும் ஆடும். தனக்குச் சறுக்க வராது என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். எனக்குத் தாங்க முடியாதது அதுதான்.

மற்றக் காரணத்தைச் சைவ சித்தாந்தத்திலிருந்து எடுக்கிறேன். உயிர் நிற்கும் பக்குவத்துக்கே அருள் இறங்கி வருகிறது என்கிறது அது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு நெறி. சரியையில் நிற்பவர் கோயில் கூட்டுவதும் பூமாலை கட்டுவதும் ஞானம் வரும்வரை பொழுதுபோக்குவதல்ல. அதற்கென்றே சாலோகம், அதாவது சிவனுலகில் வாழ்தல், என்ற பேறு உண்டு. அப்பர் பெருமான் முதுமையிலும் கோயிற் புல் செதுக்கும் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. ஏழு வயதின் சறுக்கலும் அப்படித்தான், அந்த வயதுக்கே உரிய நிறைவு. அடுத்த வருடக் காலுக்கு வாங்கும்போது, இன்னும் வராத பிள்ளைக்காக எதிரில் நிற்கும் பிள்ளையைக் கைவிடுகிறோம்.

பெற்றோர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கால் வளரும், காசு வேண்டும். வளர இடமே விடாத ஸ்கேட்ஸும் பிள்ளைக்குச் செய்யும் கொடுமைதான். ஆகவே நாடாவைத் தளர்த்தி, விரல்களை முன்னே தள்ளச் சொல்லி, குதிக்காலுக்குப் பின்னால் என் சுட்டுவிரலை விட்டுப் பார்ப்பேன். ஒரு விரல் போகலாம். மலபரிபாகம், அதாவது உயிரை மறைக்கும் மலம் பக்குவப்படுவது, காலத்தில்தான் நிகழும்; பிள்ளையின் காலும் அப்படித்தான் வளரும். அதற்கு அவ்வளவு இடம் போதும் என்றே நம்புகிறேன். இரண்டு விரல் போனால் திரும்ப வாங்கி வைத்துவிடுவேன். புதிதுக்கு வசதியில்லையென்றால், அளவான பழைய சோடி பெரிய புதுச் சோடியைவிட எவ்வளவோ மேல்.

அப்படியும் சிலர் பெரியதோடுதான் போகிறார்கள். அவர்களிடம், இடைவெளியை நிரப்பத் தடித்த காலுறை இரண்டு போட வேண்டாம், மெல்லியது ஒன்றே போதும், கால் நோகுது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.