நீர் யாருடையது, மீன் யாருடையது?

தோட்டத்துக் கடையில் ‘செமன்’ என்று விற்கும் டின்னைத் திறந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் வேறு இன மீனே. பெயர் மட்டும் பெரியது! உண்மையான சமன் மீனை நம் மஸ்கெலியாத் தொழிலாளி கண்டதில்லை. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த ட்ரவுட் மீன் 1880களிலேயே மலையகத்து ஓடைகளுக்கு வந்துவிட்டது. துரைமார் தூண்டிலிட்டுப் பொழுதுபோக்குவதற்காக அதை வரவழைத்தனர். கொழுந்து பறித்தவளின் சோற்றுக்காக அல்ல.

1969இல் மவுசாகலை அணை எழுந்தது. பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மறைந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தோர் பலர் அப்போதும் நாடற்றவராகவே இருந்தனர். வாக்குரிமை அற்றவனின் சம்மதத்தை எந்த அணை எதிர்பார்த்துக் காத்திருக்கும்?

இப்போது இத்தகைய நீரில் மீன் வளர்ப்பதைப் பற்றிப் பேசுகின்றனர். உயிர்க்கொலை தகுமா என்ற கேள்வியும் இங்கே எழுந்ததுண்டு. 1990இல் அரசு, சமய அறத்தை முன்னிட்டு, உள்நாட்டு மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை நிறுத்தியது. கொல்லாமையை நாம் இகழவில்லை. ஆனால் கடல்மீன் பிடிப்புக்கு அந்த அறம் பொருந்தாமற் போனது எவ்வாறு? அரசின் அறத்துக்குக் குளத்தோர ஏழையே விலை கொடுத்தான். 1994இல் ஆதரவு மீண்டும் வந்தது. 1998இல் நீருயிரின வளர்ப்புக்கென ஓர் அதிகாரசபையை நிறுவச் சட்டமும் இயற்றப்பட்டது.

நார்வேயின் அனுபவத்தை நாம் கருதவேண்டும். கடலோரத்தில் கூண்டு கட்டிச் சமன் மீன் வளர்க்க 1973இல் அங்கே உரிமமுறை வந்தது. ஊராரின் சிறு பண்ணைகளைக் காப்பதும் அதன் நோக்கமாக இருந்தது. 1991இல் உடைமை விதிகள் தளர்ந்தன. பண்ணைகள் படிப்படியாகச் சில பெருநிறுவனங்களின் கைக்குச் சென்றன. சிலி நாட்டிலோ 2007இல் தொற்றிய நச்சுயிரி நோயால் பண்ணைகள் அழிந்தன, வேலையிழந்தோர் ஆயிரக்கணக்கானோர். பெருவின் கடலில் அள்ளும் நெத்திலியில் பெரும்பகுதி மனித வயிற்றுக்குச் செல்லாமல், தூளாகி, வளர்ப்பு மீனுக்கும் பன்றிக்கும் தீனியாகிறது. ஏழை உண்ணக்கூடிய மீனைத் தின்று செல்வர் உண்ணும் மீன் கொழுக்கிறது!

“குஞ்சும் தீனியும் என்னுடையவை, ஆகவே மீனும் என்னுடையது” என்பான் முதலீட்டாளன். இருக்கட்டும். கூண்டு மிதக்கும் நீர் யாருடையது? அதன் அடியிலுள்ள தெருக்கள் யாருடையவை? சரிவுகளில் தெளிக்கும் மருந்து மழையோடு இறங்கி மீனைக் கொன்றால், நட்டம் யார் கணக்கில் எழுதப்படும்? முதலீட்டாளன் தன் கணக்கில் இவற்றைச் சேர்ப்பதில்லை. நீரை இழந்தவர்களின் சந்ததிக்கு அதில் வலை வீசும் உரிமையே முதலில் வரவேண்டும் என்கிறோம் நாம். அவர்கள் கூலிக்குக் கூண்டு காப்பது அதற்கு ஈடாகாது.

கடும் வறட்சியில் நீர் வற்றும்போது, பழைய நகரின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றிலிருந்து தலைதூக்குகின்றன. பேரப்பிள்ளைகளை அழைத்துவந்து, தம் கடை இருந்த இடத்தை முதியோர் விரல் நீட்டிக் காட்டுகிறார்கள்.